கம்பிக்கு அடியில் நிக்கானோர்

அந்த எலும்பை ராவும்போது வாய்க்கு வந்தபடி திட்டினேனே, அதை நினைச்சா இப்பவும் சிலுவை போட்டுக்கறேன். "சனியன் பிடிச்ச கிழட்டு மாடே, உசிரோட இருந்தப்பவும் இப்படித்தான் யார் பேச்சையும் கேக்காம திரிஞ்சியா?"ன்னு கேட்டேன். செத்த மாட்டைத் திட்டினா யாருக்கு என்ன நஷ்டம்? கிழட்டு மாட்டை என் தலையில கட்டிட்டானேன்னு கறிக்கடைக்காரனுக்கும் ரெண்டு விழுந்துச்சு. ரெண்டு மணி நேரம் திட்டிக்கிட்டே ராவினேன். முடிஞ்சதும் மேஜையில கிடந்த பொடியை வாயால ஊதித் தள்ளிட்டு, போய் காபி குடிச்சேன்.

என் பேரு மிர்னா. பொமுச்சுன்னு ஒரு ஊர்ல கிடார் ரிப்பேர் பண்றவ. இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒரு பாட்டுக்காரன் இருப்பான். அத்தனை பேருக்கும் பாடத் தெரியுமான்னு கேக்காதீங்க, கிடாரைக் கீழ போட நல்லாத் தெரியும். அதனால எனக்கு வேலைக்குக் குறைச்சலே இல்லை. பக்கத்து ஊரு எசெல்சகான்ல மூணு பேர் கோஷ்டியில வாசிக்கிற வில்பெர்த்தும் அப்படித்தான் போட்டான். நாற்காலியில சாத்திவச்ச கிடார் தலைகுப்புற விழுந்து, எலும்பு ரெண்டாப் பொளந்துடுச்சு.

எலும்புன்னா வேற ஒண்ணுமில்லை. கிடாரோட தலையும் கழுத்தும் சேர்ற இடத்துல ஒரு சின்ன வெள்ளைத் துண்டு இருக்கும் பாருங்க, ஆறு கம்பியும் ஆறு காடியில உக்காந்து போகுமே, அதுதான். வெளியூர்க் கடைக்காரங்க நட்டும்பாங்க, நாங்க எலும்புன்னே சொல்லுவோம். காடி ஒரு மயிரிழை ஆழமாப் போனா கம்பி சடசடங்கும். ஒரு மயிரிழை மேல நின்னா வாசிக்கிறவன் விரல் தேயும். பிளாஸ்டிக்லயும் வருது. அதைப் போடறவங்களைப் பத்தி நான் பேச விரும்பலை.

நான் மாட்டுக்கால் எலும்பைத்தான் வாங்குவேன். பிளந்து, சுண்ணாம்புத் தண்ணியில கொதிக்கவச்சு, கொழுப்பெல்லாம் போற வரைக்கும் வெயில்ல காயப்போடுவேன். அன்னிக்கு அதுல நல்ல சிம்பா ஒண்ணு பொறுக்கி, பென்சில்ல "வில்பெர்த் 52"ன்னு எழுதினேன். அவன் கிடார்க் கழுத்து அம்பத்திரண்டு மில்லிமீட்டர் அகலம். ரம்பத்தைக் கையில எடுக்கறதுக்குள்ள டெல்மி வந்து வாசல்ல நின்னா.

டெல்மி என் நாத்தனார். கல்யாணம் காட்சின்னு எதுவும் பண்ணிக்கலை. அவளுக்கு எல்லாமே அவ அண்ணன்தான், அதாவது என் புருஷன் நிக்கானோர்.

"அண்ணி, இன்னும் கிளம்பலையா? அண்ணன் காத்துக்கிட்டிருக்கு."

எட்டு வருஷமாக் கல்லறையில இருக்கிற மனுஷன் எங்கே ஓடிடப் போறார்? ரொட்டி வண்டியோட நெடுஞ்சாலையில போனவர் மேல லாரி ஏறி, இடது கால் சில்லு சில்லாப் போயி, அங்கேயே முடிஞ்சுது கதை. ஆனா அக்டோபர் கடைசியில எங்க ஊர்ல யாரும் இப்படி எகத்தாளம் பேச முடியாது. செத்தவங்களை மூணு வருஷம் மண்ணுல விட்டுட்டு, அப்புறம் எடுத்து மரப்பெட்டியில வச்சிடுவோம். அவங்க ஆவியா வீட்டுக்குச் சாப்பிட வர்ற நாளுக்கு முன்னாடி, வருஷா வருஷம் போயி ஒவ்வொரு எலும்பாத் துடைச்சுப் புதுத்துணி மாத்தணும். கட்டின ஏப்ரனோடயே கிளம்பினேன். அந்தப் பென்சில் எழுதின எலும்பு ஏப்ரன் பையில கிடந்துச்சு, பக்கத்துலயே பிரஷ்ஷும்.

கல்லறையில துணியை விரிச்சு அவரை இறக்கி வச்சோம். நான் பிரஷ்ஷை எடுத்தேன், கூடவே வந்த எலும்பைப் பக்கத்துல வச்சேன். இது இப்ப நல்லா ஞாபகம் இருக்கு. அப்ப என் கவனம் முழுக்க டெல்மி வாய் மேலதான் இருந்துச்சு.

"போன வருஷம் நீங்க போட்ட சிவப்புத் துணி சாயம் போயிடுச்சு அண்ணி. அண்ணன் நெத்தியைப் பாருங்க, திருவிழாக் கோமாளி மாதிரி ஆக்கிட்டீங்க."

"உன் அண்ணன் உசிரோட இருந்தப்ப மட்டும் மூஞ்சியைக் கழுவிக்கிட்டுத் திரிஞ்சாரா?"

"செத்தவரைப் பேசாதீங்க."

"துணி தைச்சது நானு, விரல்ல குத்து வாங்கினது நானு. நீ வந்து நெத்தியைப் பாக்கிறியா?"

பக்கத்துப் பெட்டிக்காரங்க எல்லாம் வேலையை விட்டுட்டு எங்களைப் பாத்தாங்க. எனக்குக் கோவம் வந்தா கை தன்பாட்டுக்கு வேலை செய்யும். உடைஞ்ச காலோட சிம்புங்களை ஒரு சின்னப் பையில போட்டுக் கட்டினேன். பிரஷ்ஷையும் எலும்பையும் ஏப்ரன் பையில போட்டேன். முப்பது வருஷப் பழக்கம், விரல் நீளத்துக்கு எலும்பைக் கண்டா என் கை பையில போட்டுக்கும்.

மறுநாள் வேலைக்கு உக்காந்தா பென்சில் எழுத்தைக் காணோம். வேர்வையில அழிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன். தடிமன் கொஞ்சம் கம்மியாத் தெரிஞ்சுது, அதுக்கும் கறிக்கடைக்காரனைத்தான் திட்டினேன். நீ என்ன மேஸ்திரி, மாட்டுக்கும் மனுஷனுக்கும் வித்தியாசம் தெரியாதான்னு கேப்பீங்க. வருஷக்கணக்கா பிரஷ் போட்ட எலும்பையும் நல்லாக் காயவச்ச எலும்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சுட்டு, அப்புறம் வந்து கேளுங்க. அடியைத் தேய்ச்சு மட்டம் பண்ணி, காடி போட்டு, ரெண்டு சொட்டுப் பசையில ஒட்டி, கம்பி ஏத்தினேன். முதல் கம்பியோட காடி மட்டும் ஓரத்துல லேசாப் பொடிஞ்சுது. "கடைசி வரைக்கும் ஒரு வேலையை ஒழுங்கா முடிக்க விடமாட்டியே"ன்னு அதுக்கும் ஒண்ணு சொன்னேன். சாயங்காலம் வில்பெர்த் வந்து வாசிச்சுப் பாத்தான், தலையை ஆட்டினான், எடுத்துக்கிட்டுப் போனான்.

முப்பத்தொண்ணாம் தேதி காலையில டெல்மி வந்தா. கதவைத் தட்டலை, உதைச்சா. முகம் சுண்ணாம்பா வெளுத்திருந்துச்சு. கையில கைக்குட்டை. பெட்டிக்குப் பூ வைக்கப் போனாளாம். நான் ஒழுங்கா அடுக்கியிருக்க மாட்டேன்னு அந்தச் சின்னப் பையை அவிழ்த்தாளாம்.

"யாரு வில்பெர்த்து?"

"என்னது?"

"எங்கண்ணன் கால் எலும்புல எவன் பேரை எழுதி வச்சிருக்கே நீ? அம்பத்திரண்டு என்ன கணக்கு? அவன் வயசா? செத்த புருஷன் எலும்புல இன்னொருத்தன் பேரை எழுதி மந்திரம் பண்ற அளவுக்குப் போயிட்டியா?"

அண்ணிங்கிற மரியாதையும் போச்சு, நீங்கங்கிற பேச்சும் போச்சு. கைக்குட்டையை என் மேஜையில விரிச்சா. என் கையெழுத்து. எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துடுச்சு.

"அடி பைத்தியமே, இது மாடுடி! வில்பெர்த் கிடாருக்கு எடுத்து வச்சது. அம்பத்திரண்டு அளவு. தவறிப்போயி உள்ளே விழுந்திருக்கு."

டெல்மி சிரிக்கலை. எண்ணிப் பாக்கிறவ மாதிரி உதட்டை அசைச்சா.

"பையில ஏழு சிம்பு இருக்கணும். இதோட சேத்துத்தான் ஏழு இருந்துச்சு. இது மாடுன்னா அண்ணன் எங்கே?"

  என் கண்ணு தன்னால மேஜைக்குப் போச்சு. பிடிப்புக் கருவியோட பல்லுல, அரத்தோட இடுக்குல, அங்கங்கே வெள்ளையாப் பொடி ஒட்டியிருந்துச்சு. அய்யோ. ராவினேனே. ரம்பத்தைப் போட்டேனே. தும்மினேனே! அந்தப் பொடி மூக்குல ஏறி நாலு தரம் தும்மிட்டு, நாசமாப் போற மாடேன்னு சொன்னேனே. அப்படியே தரையில உக்காந்துட்டேன்.

"சொல்லுங்க அண்ணி."

"கிடார்ல இருக்காரு."

"யாரு?"

"உங்கண்ணன். வில்பெர்த் கிடார்ல. நான்தான்... நான்தாண்டி ராவி ஒட்டினேன்."

டெல்மி கத்துவான்னு பாத்தேன், அடிப்பான்னு பாத்தேன். அவளும் எனக்கு எதிர்ல தரையில உக்காந்துட்டா.  அப்புறம் மெதுவாச் சொன்னா: "இன்னிக்குச் செத்துப்போன சின்னப் பிள்ளைங்க வர்ற நாள். நாளைக்குப் பெரியவங்க. அண்ணன் நாளைக்குக் கிளம்பும்போது கால் இல்லாம எப்படி நடந்து வரும்? எனக்கு அண்ணன் முழுசா வேணும். இன்னிக்கே வேணும்."

எனக்கும் வேணும்னு சொல்ல நினைச்சேன். அஞ்சு வருஷமா வீட்டு வேலைல ஒண்ணாத்தான் அவரைத் துடைச்சுக்கிட்டு வந்தேன், பாத்திரம் விளக்குற மாதிரி. அன்னிக்குத்தான் முதல் தடவையா அவர் இல்லைங்கிற பயம் வந்துச்சு. நான் வெளியே ஓடி ஆட்டோவைப் பிடிச்சேன். திரும்பிப் பாத்தப்போ டெல்மி மேஜைக்கு அடியில முட்டி போட்டு, பல் தேய்க்கிற பிரஷ்ஷால பொடியை ஒரு காகிதத்துல கூட்டிக்கிட்டிருந்தா.

வில்பெர்த் வீட்டுல கொல்லைப்பக்கம் வாசிப்புச் சத்தம் கேட்டுச்சு. அப்பாடான்னு உள்ளே போனேன். அவன் என்னைப் பாத்ததும் கிடாரை முதுகுக்குப் பின்னாடி மறைச்சான், பள்ளிக்கூடத்துல பிட்டு வச்சுப் பிடிபட்டவன் கணக்கா.

"மேஸ்திரியம்மா, கோவிச்சுக்காதீங்க..."

"கிடாரைக் காட்டு."

"சுருதி ஏத்தும்போது முதல் கம்பிக் காடி உடைஞ்சு போச்சு. நாளைக்கு நாலு வீட்டுல பாட ஒத்துக்கிட்டிருக்கேன். உங்களைத் தொந்தரவு பண்ண வேணாம்னுதான் நானே..."

கிடார்க் கழுத்துல பளபளன்னு ஒரு பிளாஸ்டிக் துண்டு உக்காந்திருந்துச்சு.

சொன்னா வெக்கக்கேடு, அந்த நிமிஷத்துல எனக்கு முதல்ல வந்தது தொழில் கோவம்தான். "என் வேலையைக் கழட்டிட்டு இந்தக் கருமத்தைப் போட்டியா நீ?"ன்னு எகிறினேன். அப்புறம்தான் வந்த காரியம் ஞாபகம் வந்துச்சு.

"கழட்டினது எங்கே?"

"அது எதுக்கு உங்களுக்கு? உடைஞ்சதுதானே. பின்டோகிட்ட போட்டேன்."

"பின்டோ யாரு?"

அவன் நாரத்தை மரத்தைக் கைகாட்டினான். நிழல்ல ஒரு புள்ளி போட்ட நாய் படுத்திருந்துச்சு. முன்னங்காலு ரெண்டுக்கும் நடுவுல எதையோ வச்சுக் கடக் கடக்னு கடிச்சுக்கிட்டிருந்துச்சு.

அம்பது வயசுல நான் அப்படிப் பாய்வேன்னு எனக்கே தெரியாது. நாயும் எதிர்பாக்கலை. வாயில கவ்விக்கிட்டுத் துவைக்கிற கல்லைச் சுத்தி ஓடுச்சு, நானும் சுத்தினேன். செருப்பு ஒண்ணு எங்கேயோ பறந்துச்சு. வில்பெர்த் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறான்.

"விடுங்க மேஸ்திரியம்மா, மாட்டெலும்புதானே, ஒரு கூடை வாங்கித் தர்றேன்!"

"மாடு இல்லடா! என் புருஷன்டா அது!"

சிரிப்பு அப்படியே நின்னுச்சு. நான் நாயோட கழுத்தைக் கட்டிப்பிடிச்சுக் கீழ சாய்ச்சு, தாடைக்குள்ள விரலை விட்டேன். கிடைச்சுது. இழுத்தேன். அது ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, டக்குனு ஒரு சத்தம். என் கையில பாதி வந்துச்சு, தடிச்ச மூணு கம்பியோட காடி இருக்கிற பாதி. நாய் பயந்துபோய் ஒரே முழுங்கா முழுங்கிட்டு என் மூஞ்சியைப் பாத்துச்சு.

நான் மண்ணுல உக்காந்து அழுதேன். செத்த அன்னிக்கு அழலை, லாரிக்காரனைக் கெட்ட வார்த்தையில திட்டிக்கிட்டிருந்தேன். மண்ணுலேருந்து எடுத்த அன்னிக்கும் அழலை. இப்ப ஒரு நாயைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழறேன். நடந்ததை விக்கி விக்கிச் சொல்லி முடிச்சதும் வில்பெர்த் சிலுவை போட்டுக்கிட்டான், ஒரு தரம் இல்லை, மூணு தரம்.

"மேஸ்திரியம்மா... கம்பியை அவுக்கும்போது கை ரெண்டும் வேலையா இருந்துச்சு. அதை நான் பல்லுல கடிச்சுப் பிடிச்சிருந்தேன்."

சொல்லிட்டுக் குழாயடிக்கு ஓடினான். நான் கிளம்பும்போதும் கொப்பளிச்சுக்கிட்டேதான் இருந்தான்.

கல்லறையில டெல்மி பெட்டியைத் திறந்து வச்சுக்கிட்டுக் காத்திருந்தா. மடியில காகிதப் பொட்டலம். மேஜையில ஒட்டினது, தரை இடுக்குல இருந்தது, கொல்லையில கோழி கிளறாம விட்டது எல்லாத்தையும் கூட்டி எடுத்திருந்தா. ஒரு கரண்டி அளவு இருக்கும். அதுல பாதி மண்ணு.

"கிடைச்சுதா அண்ணி?"

நான் அந்தப் பாதியைச் சுத்தியிருந்த கைக்குட்டையைப் பிரிக்காமலே அந்தச் சின்னப் பைக்குள்ள வச்சுக் கட்டினேன்.

"கிடைச்சுது."

"முழுசா?"

அவ கண்ணைப் பாத்தேன். காலையிலேருந்து ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கலை அவ.

"முழுசா."

டெல்மி என் கையை எடுத்துத் தன் நெஞ்சுல வச்சுக்கிட்டா. "எட்டு வருஷத்துல உங்களை ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை அண்ணி. மன்னிச்சிடுங்க." அவ அப்படிச் சொன்னதுதான் எனக்குத் தாங்கலை. நாலு அறை விட்டிருந்தா நிம்மதியாப் போயிருப்பேன்.

மறுநாள் வீட்டுல மேஜை போட்டு, அவர் போட்டோவை வச்சு, மெழுகுவத்தி ஏத்தினோம். குழியிலேருந்து பிப் எடுத்தோம். வாழையிலையில சுத்தி மண்ணுக்குள்ள வேகவச்ச சோளமாவும் கோழியும், அது இல்லாம இந்த நாள் கிடையாது. ஆவி பறக்க ஒரு துண்டை வச்சு, "அண்ணன் வந்தாச்சு, வாசனையைப் பிடிக்குது பாருங்க"ன்னு டெல்மி ஒரே சந்தோஷமாச் சொன்னா. நானும் பாத்தேன். எனக்கு அந்த நாற்காலியில யாரும் தெரியலை. பாதி ஆளு இங்கே வந்திருந்தாலும் மீதிப் பாதி நாரத்தை மரத்தடியில பசியோட உக்காந்திருக்கும்னுதான் தோணுச்சு. டெல்மி அடுப்படிப் பக்கம் போன நேரம் பாத்து, பெரிய துண்டா வெட்டி இலையில கட்டிக்கிட்டு ஆட்டோ ஏறிட்டேன்.

வில்பெர்த் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுக் கிளம்பிக்கிட்டிருந்தான். என்னைப் பாத்துட்டு ஒரு வார்த்தை கேக்கலை, கதவைத் திறந்துவிட்டு ஓரமா நின்னுக்கிட்டான். நான் மரத்தடியில உக்காந்து, கறியில எலும்பு ஒண்ணு விடாம எடுத்துட்டு, இலையைப் பின்டோ முன்னாடி வச்சேன். நேத்து நான் பண்ணின கலாட்டாவுக்குக் கிட்டயே வராதுன்னு நினைச்சேன். வந்துச்சு. வாலை ஆட்டிக்கிட்டு வாயை வச்சுது.

"மெதுவாத் தின்னுய்யா," என்னையும் அறியாம வாய்ல வந்துடுச்சு. "யாரும் பிடுங்கிக்கப் போறதில்லை. அன்னிக்கு மாடுன்னு நினைச்சுத்தான்யா திட்டினேன். நீதான்னு தெரிஞ்சிருந்தாலும் கொஞ்சம் திட்டித்தான் இருப்பேன், ஆனா அவ்வளவு திட்டியிருக்க மாட்டேன். வலிச்சுதாய்யா?"

நாய் இலையை நக்கி முடிச்சுட்டு என்னை அண்ணாந்து பாத்துச்சு.

"இன்னும் வேணுமாய்யா நிக்கானோர்?"

"முழுசான்னு சொன்னீங்களே."

திரும்பினேன். டெல்மி நின்னுக்கிட்டிருந்தா. சோத்தைக் கட்டிக்கிட்டு நான் ஒளிஞ்சு ஓடுறதைப் பாத்து, வில்பெர்த் வீட்டுக்குத்தான் போறேன்னு சந்தேகப்பட்டுப் பின்னாலேயே இன்னொரு ஆட்டோவுல வந்திருக்கா. மூச்சு வாங்குறா. நாயைப் பாக்கிறா, இலையைப் பாக்கிறா, என்னைப் பாக்கிறா. 

"பாதிதான் டெல்மி. மீதி... இது முழுங்கிடுச்சு."

இப்ப விழும் அறைன்னு கண்ணை மூடிக்கிட்டேன். விழலை. கண்ணைத் திறந்தா, என் பக்கத்துல குந்தி உக்காந்திருக்கா. நாய் அவ கையை மோந்து பாத்துச்சு. அவ கையை இழுத்துக்கலை. ரொம்ப நேரம் அதோட மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தா. அப்புறம் இலையில ஒட்டியிருந்ததை ஒரு விரல்ல எடுத்து நாக்குல வச்சா. அவ முகம் சுருங்குச்சு.

"இவ்வளவு காரத்தைப் போட்டா அண்ணன் வயிறு என்னத்துக்கு ஆகும்? எந்திரிச்சுப் போயி தண்ணி கொண்டாங்க அண்ணி."